டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: உங்களைப் "பீலி டீச்சர்" என்றுதான் எங்கள் அம்மா சொல்வார். அந்தப் பெயர் எப்படி வந்தது, டீச்சர்?
- வாசகி, நோர்வூட்

பதில்: அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், மகள். எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் ஆறு லயத்துக்கும், அதாவது வரிசை வீடுகளுக்கும், ஒரே பீலி. ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாயைத்தான் பீலி என்போம். மேலே சோலைக்குள் ஊற்று. 1992இல் இலங்கையின் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. கொஞ்ச நாளில் அந்தச் சோலை மரங்களில் சுண்ணாம்புக் குறி விழுந்தது. வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம்.

நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தொழிற்சங்கத்து ஆட்களிடம் சொன்னால், "சம்பளப் பிரச்சினை இருக்க, மரத்துக்காகவா வேலைநிறுத்தம் செய்வது?" என்றார்கள். அவர்கள் தண்ணீர் தூக்கியதில்லை. குடம் சுமந்தவர்களுக்குத்தான் அந்தக் குறியின் பொருள் விளங்கியது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் என் காம்பராவின், அதாவது லய அறையின், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார, சிமினி வெளிச்சத்தில் மனு எழுதினேன். பாதிப் பேர் கைநாட்டு.

முதல் நாள் ஒப்பீஸ் ஜன்னலடியில் மத்தியானம் வரை நிற்க வைத்தார்கள். இரண்டாம் முறை தோட்ட மேனேஜர் துரை இல்லை என்றார்கள். மூன்றாம் முறை கிழவிகள் வெறுங்குடங்களைக் கொண்டுவந்து ஒப்பீஸ் படியில் வரிசையாக வைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்துகொண்டார்கள். அன்றைக்குத்தான் துரை வெளியே வந்தார். ஊற்றைச் சுற்றிய மரங்கள் தப்பின. கீழ்ச்சரிவைக் காப்பாற்ற முடியவில்லை. அங்கே இப்போது டர்பன் (யூகலிப்டஸ்) மரம் நிற்கிறது. பங்குனியில் பீலி நூல் மாதிரித்தான் விழுகிறது. அந்தச் சரிவை விட்டுக்கொடுத்தது இன்றைக்கும் எனக்கு மனத்தாங்கல்.

கேள்வி: லயங்களை இடித்துவிட்டு வீடு கட்டுகிறார்கள். நம் பரம்பரைச் சின்னம் அழிகிறதே, தடுக்க வேண்டாமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம், தம்பி. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பியதைச் சின்னம் என்று நான் கும்பிட மாட்டேன். நான் பிறந்ததும் அதில், என் அப்பா கண்ணை மூடியதும் அதில். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களோடு சனங்களையும் மூடியதை மறந்துவிட்டோமா? பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் கம்பளைப் பக்கத் தோட்டமொன்றில் பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், கூட்டிப் போங்கள்.

காக்க வேண்டியது வேறு. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களம், மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றும் பொட்டல், முனியாண்டி கல், பீலிக்கரை. வீட்டுக்குக் காணி பிரிக்கும்போது இவையெல்லாம் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள். சீட்டுக் குலுக்கி வீடு கொடுத்தால், துக்கத்துக்கு முதலில் ஓடி வரும் பக்கத்துக் காம்பராக்காரி மலையின் அந்தப் பக்கம் போய்விடுவாள். சேர்ந்திருந்தவர்களைச் சேர்த்தே குடியேற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: உங்களுக்கு வழிகாட்டிய பெண் யார்?
- வாசகி, ஹட்டன்

பதில்: மீனாட்சியம்மாள். மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவி. 1930களில் அவரோடு தொழிலாளர் மத்தியில் வேலை செய்தவர், கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடியவர். அந்தப் பாட்டுகள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. படிக்கத் தெரியாத சனத்துக்குப் பாட்டுத்தான் பத்திரிகை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மனுவையும் நான் ஒப்பாரி மெட்டில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கிழவிகள் கைநாட்டு வைத்தார்கள்.

கேள்வி: எங்கள் விளையாட்டு மைதானத்தை யாருக்கோ கொடுத்துவிட்டதாகப் பேச்சு. யாரிடம் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள்.
- வாசகர், பொகவந்தலாவை

பதில்: வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் தனித்தனியே, தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அங்கேயே மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "மைதானம் எங்கே போனது?" என்று எழுதினால் பதில் வராது. குத்தகைப் பத்திரத்தின் பிரதியும் நில அளவை வரைபடமும் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் திரும்ப வேண்டாம். அதையும் உங்கள் பிரதியையும் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள், தம்பி. எங்கள் பீலி மனுவின் பிரதி கூரைத் தகரம் ஒழுகி நனைந்து, கைநாட்டெல்லாம் ஒரே நீலமாகிப் போனது.