வெயில் பொம்மைக்கு என்ன சட்டை? சில கேள்விகள், என் பதில்கள்

14 வருடமாக எல்கேஜி, யூகேஜி பிள்ளைகளோடுதான் என் பிழைப்பு. மார்ச் பிறந்தால் எங்கள் வகுப்பில் ஒரு வேலை நடக்கும். ஒரு சாண் உயரத்தில் அட்டைப் பொம்மை, பக்கத்தில் தட்டு நிறையத் துணித் துண்டுகள், காகிதத் தொப்பிகள். மத்தியானம் 12 மணிக்குப் பொம்மை வெளியே போகப்போகிறது, என்ன உடுத்தி அனுப்பலாம் என்று பிள்ளையே யோசித்து ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். மற்ற டீச்சர்களும் பெற்றோர்களும் இதைப் பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

மிஸ், என்னென்ன வாங்க வேண்டும்? எங்களுக்குப் பள்ளியில் காசு தர மாட்டார்கள்.

கடைக்கே போக வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பொம்மை வெட்டிவிடலாம், நல்ல கனமாக இருக்கும். தையல்கடை அண்ணாவிடம் கேட்டால் வெட்டுத்துணி ஒரு பை நிறையத் தருவார். அதில் கொசுவலை மாதிரி ஓட்டைத் துணி, மெல்லிய வாயில் துணி, நெருக்கமாக நெய்த கைத்தறி, ஜீன்ஸ் இந்த நாலும் கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன். பசைக்கு மைதா காய்ச்சிக்கொள்ளுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், நீங்கள் போட்டுவிடாதீர்கள். இந்த வயதில் விரலை நக்காத பிள்ளை கிடையாது.

மூன்று வயதுப் பிள்ளையிடம் கத்தரிக்கோல் கொடுக்கலாமா?

வேண்டாம். துணியை நீங்கள் வெட்டி வையுங்கள், காகிதத்தை அவர்கள் கிழிக்கட்டும். கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும்.

எல்லாத் துணியும் வெயிலை மறைக்கத்தானே செய்கிறது? எது நல்லது, எது சுமார் என்று இந்த வாண்டுகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். முதலில் ஒவ்வொரு துணியையும் ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் தெரிந்தால் வெயிலும் நுழையும். கொசுவலை வழியாகப் பக்கத்துப் பிள்ளையின் மூக்கே தெரியும், ஜீன்ஸில் ஒன்றும் தெரியாது. அப்புறம் மலிவான கலர்க் காகிதம், கருநீலமோ ஊதாவோ, ஒன்றை எடுத்து இந்த நாலு துணியையும் சின்னச் சட்டையாக வெட்டி அதன்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் கல் பாரம் ஏற்றி மொட்டை மாடியில் போட்டுவிடுங்கள். நாலைந்து நாள் கழித்துத் துணியை எடுத்தால் ஜீன்ஸுக்கு அடியில் கலர் அப்படியே இருக்கும், வாயிலுக்கு அடியில் மங்கியிருக்கும், கொசுவலை இருந்த இடம் சுற்றியுள்ள காகிதத்தைப் போலவே வெளுத்திருக்கும். நான் மணிக்கணக்கில் பேசினாலும் ஏறாதது அந்த ஒரு காகிதத்தில் ஏறிவிடுகிறது.

பெரியவர்களுக்காக ஒரு விஷயம்: காகிதம் வெளுப்பதற்குப் புற ஊதாக்கதிர் மட்டும் காரணமில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் இதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வேடிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான அளவுக்கு, துணி எவ்வளவு தடுக்கும் என்று காட்ட, யுபிஎஃப் என்று ஒரு எண் இருக்கிறது. யுபிஎஃப் 50 என்றால் புற ஊதாக்கதிரில் 50-ல் ஒரு பங்குதான் உள்ளே போகும். மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியன் 5, 7 என்ற அளவில்தான் நிற்கும், நனைந்துவிட்டால் இன்னும் குறையும்.

அப்படியானால் கறுப்புச் சட்டைதான் நல்லதா? வெள்ளைதான் வெயிலுக்கு ஏற்றது என்று படித்திருக்கிறோமே.

இரண்டும் பாதி சரி. அடர்ந்த நிறம் புற ஊதாக்கதிரை அதிகம் தடுக்கும், ஆனால் சூட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெக்கையில் நான் நிறத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படுவதில்லை. நெருக்கமான நெசவு, தொளதொள, முழுக்கை. நிறம் வெளிர் மஞ்சளோ நீலமோ, பிள்ளை இஷ்டம்.

வெயிலில் போனால் கறுத்துப்போவாய் என்றால் என் மகள் உடனே உள்ளே ஓடிவந்துவிடுகிறாள். வகுப்பிலும் அதையே சொல்லிவிடலாமே?

தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு வருடம் ஒரு பையன் தன் பொம்மையை நல்ல அடர் பழுப்பில் தீட்டியிருந்தான். பக்கத்திலிருந்த வாண்டு, ‘இது ஏற்கெனவே கறுப்பு, இதுக்குத் தொப்பி வேண்டாம்’ என்றது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குழந்தை மேல் தப்பே இல்லை, நாம் சொல்லிக்கொடுத்த கணக்கை ஒழுங்காகப் போட்டுக் காட்டியிருக்கிறது. கறுத்த தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம், சிவந்து புண்ணாவதற்கு எதிராக அது கொஞ்சம் காவல் என்பது நிஜம்தான். ஆனால் கண்ணுக்கு அந்தக் காவல் கிடையாது, வெக்கை எல்லாரையும்தான் அடிக்கும். அதனால் நான் சொல்வது மூன்றே விஷயம்: வெயில் சுடும், கண் கூசும், தலை வலிக்கும்.

அன்றிலிருந்து கிரேயான் பெட்டியில் இருக்கும் அந்த வெளிர் ரோஜா ‘ஸ்கின் கலரை’ முதல் வேலையாக எடுத்து ஒளித்துவிடுகிறேன். மீதியுள்ள பழுப்புகளுக்குப் பிள்ளைகளே பெயர் வைப்பார்கள். டீ, கருப்பட்டி, புளி, சப்பாத்தி. போன வருடம் ஒருத்தி தன்னை ‘பாட்டி போடுற காபி’ என்றாள்.

ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு முழக்கம் இருக்கிறதாமே, அதை அப்படியே சொல்லிக்கொடுக்கலாமா?

1981-ல் ஆரம்பித்தது. ‘Slip, Slop, Slap’ என்பதை ‘ஸ்லிப், ஸ்லாப், ஸ்லாப்’ என்று நம் எழுத்தில் எழுதினால் கடைசி இரண்டும் ஒன்றாகிவிடும், அங்கேயே நமக்கு உதைக்கிறது. சட்டையை மாட்டு, கிரீமைத் தடவு, தொப்பியைக் கவிழ் என்பது பொருள், சிட் என்ற கார்ட்டூன் கடற்பறவை ஆடிப் பாடிச் சொல்லும். நிழலைத் தேடு, கண்ணாடி போடு என்ற இரண்டைப் பிற்பாடு சேர்த்தார்கள். அங்கே வெள்ளைத் தோல்காரர்கள் அதிகம், தோல் புற்றுநோய் பெரிய பிரச்சினை, அதிலிருந்து பிறந்தது அது. இங்கே வெக்கைதான் முதல் எதிரி. அதனால் நான் சட்டை, தொப்பி, நிழல் மூன்றையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலைச் சேர்த்துக்கொண்டேன்.

தொப்பி எப்படி இருக்க வேண்டும்?

கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும் மறைக்கும், காதும் பிடரியும் வெளியே. சுற்றிலும் 5 செ.மீ. விளிம்பு இருந்தால் சின்னப் பிள்ளைக்குப் போதும். நிஜத் தொப்பி வாங்கும்போது தாடைக்குக் கீழே முடிச்சுப் போடும் கயிறு வேண்டாம், சறுக்குமரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

கைவேலையில் தொப்பியோடு நின்றுவிடாதீர்கள். பனை ஓலைத் தொப்பி, முண்டாசு, தலைத்துண்டு எல்லாம் தட்டில் வையுங்கள். வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் அக்காக்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு போவார்களே, வெயில் உடுப்பு என்றால் அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஏது? அந்தச் சட்டையைப் பொம்மைக்குப் போட்டு, ‘இது எங்கம்மா’ என்று ஒரு பிள்ளை காட்டியபோது வகுப்பே எட்டிப் பார்த்தது.

எந்த நேரத்தில் வெயில் மோசம் என்று கடிகாரம் தெரியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

நிழலை வைத்து. பொம்மையைத் துணி கிளிப்பில் நிறுத்தி முற்றத்தில் வையுங்கள். நிழல் பொம்மையைவிட நீளமாக இருந்தால் விளையாடலாம், குட்டையாகிவிட்டால் தொப்பி, நிழலே காலடிக்குள் போய்விட்டால் எல்லாரும் உள்ளே. மதுரைப் பக்கம் ஏப்ரல் நடுவிலும் சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் நிழலையே காணோம். அதற்குள் லீவு விட்டுவிடுவார்கள் என்றால் மார்ச் கடைசியில் செய்யுங்கள், மதுரையில் அப்போதே ஒரு சாண் பொம்மைக்கு விரல் அகலம்தான் நிழல் விழும். வராந்தாவில் நின்று பார்த்தால் போதும், பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தாதீர்கள்.

செல்லோபேன் காகிதத்தில் கூலிங் கிளாஸ் செய்யலாமா?

பொம்மைக்குச் செய்யலாம். பிள்ளை அளவுக்குச் செய்தால் அதைப் போட்டுக்கொண்டு நிச்சயம் சூரியனைப் பார்ப்பார்கள், எத்தனை தடவை வேண்டாம் என்றாலும். ஆகவே செய்யாதீர்கள்.

இவ்வளவு சொல்கிறீர்கள், பள்ளியிலோ டை, ஷூ, பாலியஸ்டர் யூனிஃபார்ம். இதற்கு என்ன பதில்?

என்னிடம் பதில் இல்லை சார். ஒரு பிள்ளை பொம்மையின் டையைப் பிய்த்துப்போட்டுவிட்டு ‘இது எதுக்கு மிஸ்?’ என்று கேட்டது, அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள், நான் பின்வரிசையில் இருந்து கை தட்டுகிறேன்.

சட்டையில் ஜிகினா ஒட்டலாமா?

வகுப்பைக் கூட்டிப் பெருக்குவது நீங்கள் என்றால் ஒட்டுங்கள்.