வலையை யார் கட்டுவது?

வணக்கம் அண்ணா,

பல்லடம் பக்கம் ஒரு நூல்மில்லில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஞாயிறுதோறும் ஓடாமல் கிடக்கும் ஒரு தறிக்கொட்டகையில் ஊர்ப் பையன்கள் பதினைந்து பேரை உட்காரவைத்துக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் எட்டாவது, ஒன்பதாவது. மில்லில் நடந்த ஒரு பயிற்சியில் ‘சேவைத் தலைமை’ பற்றிச் சொன்னார்கள். தலைவன் முதலில் தொண்டனாக இருக்கணுமாம். கொட்டகை திறந்து பெஞ்ச் துடைப்பதிலிருந்து டீ வாங்குவது வரை நானே செய்கிறேன். ஒரு வருடமாகியும் பையன்களிடம் மாற்றமில்லை. எதற்கும் “சரிங்ணா” என்கிறார்கள், செய்வதில்லை. எங்கே தவறுகிறேன்?

ச., பல்லடம்

அன்புள்ள ச.,

நம் பக்கத்து ‘சரிங்ணா’வை நம்பாதீர்கள். ஒப்புக்கொள்ளவும் அதுதான், மரியாதை குறையாமல் தட்டிக்கழிக்கவும் அதுதான். மில்லில் மேனேஜரிடம் நீங்களும் அதைத்தானே சொல்வீர்கள்?

பயிற்சியில் சொன்ன அந்தக் கருத்தைப் பிரபலமாக்கியவர் ராபர்ட் கிரீன்லீஃப். ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியில் 40 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1970-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். பயிற்சிக்காரர்கள் அதில் பாதியைத்தான் சொல்வார்கள். யாருக்குத் தொண்டு செய்கிறோமோ அவர்கள் வளர்கிறார்களா, சொந்தப் புத்தியில் நடக்கிறார்களா, நாளைக்கு இன்னொருவருக்குச் செய்வார்களா? அவர் வைத்த உரைகல் இதுதான். நீங்கள் எத்தனை பெஞ்ச் துடைத்தீர்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

நானும் பட்டவன்தான். சோமனூர் பக்கம் ஒரு கிராமத்தில் நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களோடு இருந்தேன். பெரும்பாலும் தறி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒரு பையனுக்குப் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினேன். கட்டியதோடு விட்டிருக்கலாம். எல்லோர் முன்னாலும், “தம்பிக்குக் கட்டியாச்சு, இனி நல்லாப் படிக்கோணும்” என்றேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. சுற்றுலாவுக்கும் போகவில்லை. சந்தையில் என்னைப் பார்த்ததும் வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். அவன் அப்பாவைக் கேட்டால், “ஒண்ணுமில்லீங்க, வருவானுங்க” என்றார். வரவேயில்லை.

வாலிபால் வலையையும் நான்தான் கட்டுவேன். பையன்கள் வருமுன்பே போய், டேப் பிடித்து, ஆண்களுக்கான 2.43 மீட்டர் உயரத்தில். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. ஒரு ஞாயிறு வண்டி பஞ்சர். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தால், ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வலையின் ஒரு நுனி கம்பத்தில், மறு நுனி தேங்காய்நார்க் கயிற்றால் வேப்பமரத்தில். நடுவில் தொய்ந்து, என் அளவைவிட ஒன்றரை முழம் கீழே தொங்கியது.

“ஏன் கண்ணு இத்தனை இறக்கிக் கட்டினீங்க?”

அதிகம் பேசாத, ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் சொன்னான்: “மேல கட்டுனா பொடுசுகளுக்கு எட்டாதுங்ணா. பந்து பொறுக்கிட்டேதான் இருப்பானுக.”

இரண்டு வருடமாக அந்தப் பொடியன்கள் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிக்கொண்டிருந்தது என் கண்ணில் பட்டதேயில்லை.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பிரிட்டிஷ் ராணுவத் தளபதி பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் அதன் முதல் முகாமை நடத்தியபோது, சுமார் 20 பையன்களை நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பெரிய பையன் பொறுப்பில் விட்டார். வசதியான பள்ளிப் பையன்களும் உழைப்பாளி வீட்டுப் பையன்களும் அங்கே ஒன்றாக இருந்தார்கள். ராணுவத் தளபதிக்கு உத்தரவு போடத் தெரியாதா என்ன! நம் ஊரில் இப்படிச் செய்தால், எந்த வீட்டுப் பையனைத் தலைவனாக்கினாய் என்று கேட்க ஆள் வரும். மாதம் ஒருவன் என்று மாற்றிவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு கொட்டகைச் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் கழித்துப் போங்கள். பெஞ்சில் தூசி இருந்தால் நீங்களும் தூசியிலேயே உட்காருங்கள். டீக் காசை மட்டும் கடைக்காரரிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்துவிடுங்கள்.