செவிலியர் கேள்வி–பதில்: பொட்டாசியம் முதல் ஐ.சி.டி. பாட்டில் வரை

எம்.ஆர்.பி. ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுக்காக மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங்கைத் திருப்பிப் படிக்கிறேன். இதயம் முடித்துச் சிறுநீரகத்துக்குப் போனால் இதயம் மறந்துவிடுகிறது. என்ன செய்வது?
– பி.எஸ்சி. நர்சிங் முடித்த வாசகி, திண்டுக்கல்

முதல் சுற்றில் ஒவ்வொரு மண்டலமாகப் படித்தது சரிதான். இரண்டாம் சுற்றில் ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு எல்லா மண்டலங்களுக்குள்ளும் போய் வாருங்கள். பொட்டாசியம் அதற்கு நல்ல தொடக்கம்.

இரத்தத்தில் அதன் இயல்பு அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லி ஈக்விவலன்ட். இதயச் செயலிழப்புக்குப் போடும், சிறுநீரைப் பெருக்கும் மருந்தான லாசிக்ஸ் பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும். அது குறைந்தால், இதய மருந்தான டிஜாக்சின் வழக்கமான டோஸில்கூட நச்சாகிவிடும். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் நிறம், நாடி குறைவது ஆகியவை அடையாளம். அதனால்தான் டிஜாக்சின் கொடுக்கும் முன் ஏபிகல் பல்ஸை (மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் இதயத் துடிப்பை) முழுதாக ஒரு நிமிடம் எண்ணச் சொல்கிறோம். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறுநீரகம் கெட்டவரிடம் கதை தலைகீழ். பொட்டாசியம் தேங்கும், ஈ.சி.ஜி.யில் டி அலை கூர்மையாக உயரும். அப்போது போடும் கால்சியம் குளுக்கோனேட் இதயத்தைக் காப்பாற்றுமே தவிர, பொட்டாசியத்தைக் குறைக்காது. டெக்ஸ்ட்ரோஸுடன் தரும் இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும்; டயாலிசிஸ்தான் உடலை விட்டே வெளியேற்றும். தேர்வில் இந்த மூன்றையும் குழப்பித்தான் கேட்பார்கள்.

வார்டுக்கான ஒரு எச்சரிக்கையும் இங்கே அவசியம். பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. அதை நேரடியாக நரம்பில் ஏற்றவே கூடாது, இதயம் நின்றுவிடும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் கலப்பதும் ஆபத்துதான். மருந்து அடியில் தங்கி, முதலில் அதுவே மொத்தமாக இறங்கும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பலமுறை கவிழ்த்துக் கலந்து, லேபிள் ஒட்டிய பிறகே மாட்டுங்கள். கை நரம்பு வழியாக என்றால் பொதுவாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போக வேண்டாம். சிறுநீர் சரியாகப் பிரிகிறதா என்று பார்க்காமல் தொடங்கவும் வேண்டாம்.

டி.கே.ஏ. (சர்க்கரை நோயில் இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் நிலை) நோயாளிக்குப் பொட்டாசியம் 4.8 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. குறையவே இல்லையே, பிறகு ஏன் டிரிப்பில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், தஞ்சாவூர்

அந்த 4.8 ஏமாற்றும் எண். இன்சுலின் இல்லாததாலும் அமிலம் ஏறியதாலும் செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் இரத்தத்துக்கு வந்துவிட்டது. அதிகச் சிறுநீரோடு ஏராளமாக வெளியேறியும் விட்டது. ரிப்போர்ட்டில் எண் இயல்பாகத் தெரிந்தாலும் உடலின் மொத்த இருப்பு காலியாகிக் கிடக்கிறது. இன்சுலின் ஓடத் தொடங்கியதும் மிச்சமிருப்பதும் செல்லுக்குள் போக, அளவு சரசரவென இறங்கும். 3.3-க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகுதான் இன்சுலின் என்று பெரும்பாலான பாடநூல்கள் சொல்வது இதனால்தான்.

சிகிச்சையின் வழக்கமான வரிசை: முதலில் நார்மல் சலைன், அடுத்து இன்சுலின். 50 யூனிட் ரெகுலர் இன்சுலினை 50 மி.லி. சலைனில் கலந்தால் ஒரு மி.லி.க்கு ஒரு யூனிட். கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் என்றால், 60 கிலோ நோயாளிக்கு மணிக்கு 6 மி.லி. இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இணைக்கும் முன் கலவையில் சுமார் 20 மி.லி.யைக் குழாய் வழியே ஓடவிட்டு வெளியேற்றுங்கள். அந்த 20 மி.லி.யைக் கணக்கில் வைத்தே கலந்துகொள்ளுங்கள்.

சர்க்கரை 250-க்கு இறங்கியதும் பலர் இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் தவறு நடக்கிறது. கீட்டோன் இன்னும் போகவில்லை. டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் இன்சுலினைத் தொடர வேண்டும். தோலடி ஊசிக்கு மாறும்போதும், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைப் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே டிரிப்பை நிறுத்துவார்கள். நரம்பில் போகும் இன்சுலினின் வேலை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

ஐ.சி.டி. (மார்பிலிருந்து காற்றையும் நீரையும் வெளியேற்றப் போடும் குழாய்) பாட்டிலில் குமிழி வந்தால் நல்லதா, கெட்டதா? தண்ணீர் ஏறி இறங்குவது நின்றால்?
– பொது மருத்துவமனை செவிலியர், திருநெல்வேலி

எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள். நியூமோதோராக்ஸில் (நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கும் நிலையில்) இருமும்போதும் மூச்சு விடும்போதும் விட்டுவிட்டு வரும் குமிழி எதிர்பார்த்ததே, காற்று வெளியேறுகிறது. நிற்காமல் கொப்பளித்தால் எங்கோ கசிகிறது. குழாய் நுழையும் இடத்துக் கட்டு, இணைப்புகள், பாட்டில் மூடி என்று மார்பிலிருந்து கீழ்நோக்கி வரிசையாகச் சோதியுங்கள்.

தானாக மூச்சுவிடும் நோயாளிக்கு, மூச்சை இழுக்கும்போது குழாயில் தண்ணீர் ஏறும், விடும்போது இறங்கும். அது நின்றால் நுரையீரல் முழுதாக விரிந்திருக்கலாம், அல்லது குழாய் அடைத்திருக்கலாம். முதலில் போர்வையை விலக்கி, நோயாளியின் உடம்புக்கு அடியில் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும். அதோடு மூச்சொலியும் கேளுங்கள்.

குழாய் முனை தண்ணீருக்குள் 2 செ.மீ. இருக்க வேண்டும். ஒற்றைப் பாட்டிலில் வடிதல் சேரச் சேர இந்த ஆழம் கூடி, காற்று வெளியேறச் சிரமப்படும். அப்போது பாட்டிலை மாற்றுங்கள். எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோகும்போது பாட்டில் மார்புக்குக் கீழேயே இருக்கட்டும். கிளாம்ப் போட்டுக் கொண்டுபோகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காற்று உள்ளேயே தேங்கினால் டென்ஷன் நியூமோதோராக்ஸ் ஆகி உயிருக்கே ஆபத்து. பாட்டில் உடைந்தால் குழாய் முனையை ஸ்டெரைல் தண்ணீருக்குள் 2 செ.மீ. வைத்துக்கொண்டு புதியதைத் தயார் செய்யுங்கள்.

மாவுக்கட்டு போட்ட காலை உயர்த்தி வைக்கச் சொல்கிறார்கள். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமில் (வீக்கத்தின் அழுத்தத்தால் தசைக்கு இரத்தம் போகாத நிலையில்) உயர்த்தக் கூடாது என்கிறார்கள். எது சரி?
– டிப்ளமோ மாணவி, சேலம்

இரண்டும் சரி. சாதாரண வீக்கத்துக்குத் தலையணை மேல் உயர்த்துங்கள். வலி ஊசிக்கும் அடங்காமல், விரலை நாம் நீட்டிவிட்டாலே துடிக்கிறார் என்றால், காலை இதய மட்டத்துக்கு இறக்கி உடனே மருத்துவரை அழையுங்கள். கட்டைப் பிளக்க வேண்டியிருக்கும். உயர்த்தினால் ஏற்கெனவே நெரிந்த தசைக்கு இரத்தம் இன்னும் குறையும். நாடி கிடைக்கிறதே என்று காத்திருக்காதீர்கள், நாடி மறைவது கடைசியில்தான்.

டி.யு.ஆர்.பி. (சிறுநீர்ப் பாதை வழியாகச் செய்யும் புராஸ்டேட் அறுவை) முடிந்தவருக்குச் சிறுநீர் அளவை எப்படி எழுதுவது?
– செவிலியர், காரைக்குடி

சிறுநீர் சேகரிக்கும் பையில் சேர்ந்ததிலிருந்து, சிறுநீர்ப்பையைக் கழுவ உள்ளே விட்ட சலைனைக் கழியுங்கள். 3,000 மி.லி. விட்டு, பையில் 3,900 வந்திருந்தால் சிறுநீர் 900. விட்டதைவிடக் குறைவாக வந்தால் இரத்தக்கட்டி குழாயை அடைத்திருக்கலாம். சலைனை நிறுத்தி, அடிவயிறு உப்பியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, குழாய் மடிப்பைச் சரிபார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.