டாக்ஸ் ரிலீஃப் பணம் தம்பிக்கு, டாக்ஸ் மட்டும் லோன்லயா?

கேள்வி: சார், எனக்கு 71 வயசு. நியூஜெர்ஸில எடிசன் பக்கம் சொந்த வீடு, 1998-ல வாங்கினது, மார்ட்கேஜ் முடிஞ்சிடுச்சு. அவர் தவறி அஞ்சு வருஷம் ஆகுது. சோஷியல் செக்யூரிட்டி கைக்கு மாசம் 2,300 டாலர் வருது, அவரோட 401கே-ல (வேலையில சேர்த்த ரிடயர்மென்ட் சேமிப்பு) இருந்து மாசம் 400 எடுக்கறேன். ப்ராப்பர்ட்டி டாக்ஸ் வருஷத்துக்கு 9,800. மூணு வருஷமா வீட்டு மேல ஹெலாக் (வீட்டை ஈடா வச்சு வேணுங்கறப்ப எடுத்துக்கற பேங்க் கடன்) போட்டு அதுலதான் டாக்ஸ் கட்டறேன், பாக்கி இப்ப 28,000. ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பாரத்தைக் குறைக்க ஸ்டேட் குடுக்கற சீனியர் ஃப்ரீஸும் ஆங்கரும் வருது, அதை திருச்சில வீடு கட்டற தம்பிக்கு அனுப்பிடறேன். இப்ப அதே மாதிரி ஸ்டே என்ஜே பணமும் வர ஆரம்பிச்சிருக்கு. கோயில்ல ஒருத்தர் ரிவர்ஸ் மார்ட்கேஜ் (வீட்டு மேல கடன், மாசத் தவணை கட்ட வேண்டாம், வீட்டை விக்கும்போது கழிச்சுக்குவாங்க) எடுத்துட்டா நிம்மதிங்கறார். பையன் வீட்டை அவன் பேருக்கு மாத்தச் சொல்றான். ராத்திரி தூக்கமே இல்ல. என்ன பண்ணட்டும்?

பதில்: அம்மா, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். சீனியர் ஃப்ரீஸ்னா என்ன, ஆங்கர்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, வருஷாவருஷம் ஃபார்ம் போட்டு வாங்கறவங்க நீங்க. உங்க பிரச்சனை ரிவர்ஸ் மார்ட்கேஜும் இல்ல, பையனும் இல்ல. லெட்டர்ல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, "தம்பிக்கு அனுப்பிடறேன்"னு, அதுதான். டாக்ஸுக்குன்னு ஸ்டேட் குடுக்கற பணம் திருச்சிக்குப் போகுது, அந்த டாக்ஸுக்கு நீங்க பேங்க்ல வட்டிக்கு வாங்கறீங்க. அப்படின்னா தம்பி வீட்டுக்கு செங்கல் வாங்கறது உங்க ஹெலாக்தான், அவருக்கும் அது தெரியாது, உங்களுக்கும் இதுவரைக்கும் அப்படித் தோணல.

தோராயமா ஒரு கணக்குப் போடுவோம். சீனியர் ஃப்ரீஸ்ல உங்க பேஸ் இயர் (அதுக்கு நீங்க முதல்ல தகுதியான வருஷம்) டாக்ஸ் 8,600-ன்னு வச்சுக்குவோம், இப்ப 9,800, வித்தியாசம் 1,200 திரும்பி வரும். ஆங்கர்ல 65 தாண்டினவங்களுக்கு வருமானம் ஒன்றரை லட்சத்துக்குள்ள இருந்தா 1,750. ரெண்டும் சேர்ந்து 2,950. ஸ்டே என்ஜே என்ன பண்ணும்னா மொத்த டாக்ஸ்ல பாதி வர்ற வரைக்கும் மிச்சத்தை ரொப்பும் (2024 டாக்ஸுக்கு உச்சவரம்பு 6,500, பட்ஜெட்டைப் பொறுத்து இது மாறும், அதனால இதை நம்பி புதுசா எந்தச் செலவும் இழுத்து விட்டுக்காதீங்க). உங்களுக்குப் பாதின்னா 4,900, அதுல 2,950 போக ஸ்டே என்ஜே 1,950. மூணும் சேர்ந்து வருஷம் 4,900 டாலர் உங்க கைக்கு வருது. அப்ப உங்க சொந்தப் பணத்துல கட்ட வேண்டியது இன்னொரு 4,900, மாசத்துக்குப் பார்த்தா 408.

இப்ப ஹெலாக் பக்கம் வாங்க. 28,000-க்கு 8 பர்சன்ட்னு வச்சா வருஷ வட்டி மட்டும் 2,240, மாசம் 187. ஸ்டேட் குடுக்கற 4,900-ல கிட்டத்தட்ட பாதி வட்டியாவே பேங்குக்குப் போயிடுது. இப்படியே இன்னும் மூணு வருஷம் ஓட்டினீங்கன்னா பாக்கி 57,000-ஐத் தாண்டும், உங்களுக்கு வயசு 74 ஆகியிருக்கும், சோஷியல் செக்யூரிட்டி அதே சோஷியல் செக்யூரிட்டிதான், கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

நிறுத்தினா என்ன ஆகும்? கைக்கு வர்றது 2,700. டாக்ஸுக்கு 408, வீட்டு இன்ஷூரன்ஸ் ஒரு 150, ஹெலாக்குக்கு மாசம் 490 (இதுல வட்டியும் அடக்கம்). போக 1,650 மிஞ்சும். மளிகை, கரன்ட், மருந்து, கார் எல்லாத்துக்கும் இறுக்கம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா புதுசா ஒரு டாலர் கூட எடுக்காம இதே மாதிரி கட்டினா ஆறு வருஷத்துல அந்த ஹெலாக்கை மூடிடலாம்.

அதுக்காக ஹெலாக்ல எடுக்கறதை நிறுத்திட்டு டாக்ஸைத் தள்ளிப் போட்டுறாதீங்க. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் ஒண்ணாம் தேதி, அதை விட்டா இங்க டவுன் போடற வட்டி முதல் 1,500-க்கு 8 பர்சன்ட், அதுக்கு மேல 18 பர்சன்ட் வரைக்கும் போகும். அதைவிட முக்கியம், சீனியர் ஃப்ரீஸ் கேக்கணும்னா அந்த வருஷ டாக்ஸ் அடுத்த ஜூன் 1-க்குள்ள முழுசா கட்டியிருக்கணும். பாக்கி வச்சீங்கன்னா வட்டியும் போகும், அந்த 1,200-ம் போகும்.

நீங்க வாங்காம விட்ட ஒண்ணு இருக்கு. சீனியர் சிட்டிசன் டிடக்ஷன்னு 250 டாலர், பில்லுலயே கழிச்சிடுவாங்க. வருமானம் 10,000-க்குள்ள இருக்கணும்னு பார்த்ததும் எல்லாரும் "நமக்கு எங்க"ன்னு ஃபார்மைத் தூக்கிப் போட்டுடறாங்க, ஆனா அந்தக் கணக்குல சோஷியல் செக்யூரிட்டியைச் சேர்க்க வேண்டாம். உங்களுக்கு மிச்சம் 401கே 4,800 மட்டும்தானே. டவுன் ஹால்ல டாக்ஸ் அஸெஸர் ஆபீஸ்ல பி.டி.டி ஃபார்ம் கேளுங்க, டிசம்பர் 31-க்குள்ள குடுத்துடுங்க. வருஷாவருஷம் மார்ச் 1-க்குள்ள வருமானம் எழுதிக் குடுக்கணும், அதை மறந்தா திருப்பி வாங்கிடுவாங்க. மத்த மூணுக்கும் சேர்த்து இப்ப பி.ஏ.எஸ்-1-ன்னு ஒரே ஃபார்ம்தான். அதை நிரப்பித் தர்றேன்னு 100, 150 டாலர் கேக்கறவங்க இருக்காங்க, குடுக்காதீங்க, அது இலவசம், ஒரு மத்தியானம் உக்காந்தா முடிஞ்சிடும்.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் சொன்னவரை நான் குறை சொல்லல, டிவில அவ்வளவு அழகா சொல்றாங்க. ஆனா 4,50,000 மதிப்புள்ள வீட்டுக்கு ஆரம்பத்துலயே இன்ஷூரன்ஸ்னு 2 பர்சன்ட், அதாவது 9,000. லெண்டர் ஃபீ 6,000 வரைக்கும். ஆக உங்களோட மூணு வருஷ ரிலீஃப் முதல் நாளே காலி, அதுவும் கடன்லயே ஏறிக்கும். எல்லாம் பண்ணி முடிச்சாலும் ப்ராப்பர்ட்டி டாக்ஸை நீங்கதான் கட்டணும், கட்டலன்னா அவங்க வீட்டுல கை வைக்கலாம். எந்தப் பில்லுக்கு பயந்து அங்க போறீங்களோ அந்தப் பில்லு அங்கயும் நிக்கும்.

பையன் விஷயம். அவர் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பார். ஆனா இந்த ரிலீஃப் எல்லாமே வீடு உங்க பேர்ல இருந்து நீங்க அங்கயே குடியிருந்தாதான். சும்மா டீடை (வீட்டுப் பத்திரத்தை) மாத்திக் குடுத்தா 4,900-ம் போச்சு, லைஃப் ரைட்ஸ் (ஆயுசு முழுக்க அங்கயே இருக்கற உரிமை) வச்சு எழுதினா வேற கதை, அதுக்கு வக்கீல் வேணும். இன்னொண்ணு, இப்ப அன்பளிப்பா குடுத்தா உங்களுக்கு இருக்கற பழைய அடக்க விலைதான் அவருக்கும் கணக்கு, நாளைக்கு வித்தா அதுக்கு மேல வர்ற லாபத்துக்கு டாக்ஸ் வரலாம். உயில் மூலமா வந்தா அன்னிய மார்க்கெட் விலையில இருந்து கணக்கு. உயில் எழுதி வச்சுட்டீங்களா? லெட்டர்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை காணோம்.

தம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதானே யோசிக்கறீங்க. ஞாயித்துக்கிழமை காலைல வீடியோ கால்ல டைல்ஸைக் காட்டுவார், "அக்கா, இந்த மாடி மட்டும் முடிஞ்சிடட்டும்"பார், உங்களுக்கு மனசு இளகிடும். அதனால அன்னிக்குப் பேச வேண்டாம். ஹெலாக் ஸ்டேட்மென்ட்டை ஒரு போட்டோ எடுத்து முந்தின நாளே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, 28,000 டாலர்னா ரூபாய்ல எவ்வளவுன்னு அவரே பெருக்கிப் பார்த்துக்கட்டும். எனக்குத் தெரிஞ்சு பாதி தம்பிங்களுக்கு அக்கா கடன் வாங்கித்தான் அனுப்பறான்னே தெரியாது. மத்த பாதிப் பேர் தெரிஞ்சும் கேப்பாங்க, அந்த ரகமா இருந்தா பொங்கலுக்கு நூறு டாலர் அனுப்புங்க, போதும்.

பேங்க்ல இன்னொரு செக்கிங் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி, ஸ்டேட் பணம் மூணும் அதுலயே விழற மாதிரி வைங்க, மாசம் 408 உங்க கணக்குல இருந்தும் அதுக்கே போகட்டும். அந்த அக்கவுண்ட்ல இருந்து டவுனுக்கு மட்டும்தான் செக். ஹெலாக்குக்குக் குடுத்த செக் புக் ட்ராயர்ல இருக்கும்ல, அதை எடுத்துக் கிழிச்சிடுங்க.