வீட்டிலேயே விரலில் குத்தி இரும்புச்சத்து பார்க்கும் கிட்டை நம்பலாமா?

குன்னூரில் இருக்கிறேன், பல மாதமாகக் களைப்பு, முடி கொட்டுகிறது, லேபுக்கு அலைய நேரமில்லை, ஆன்லைனில் விற்கிற கிட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் அது ஹீமோகுளோபின் பார்க்கிற கிட்டா, ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது) பார்க்கிற கிட்டா என்று முதலில் பாருங்கள். நீங்கள் பெண், மாதவிலக்கு நிற்காத வயது, சாப்பாட்டோடு டீ குடிக்கிறவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிற குடும்பம். "நெட்டில் படித்துவிட்டு வைத்தியம் சொல்கிறாள்" என்று வருகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு வாருங்கள்.

எனக்கு முதலில் வந்தது மூச்சுத்திணறல். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் படியில் பாதியிலேயே நின்றுவிடுவேன். அப்புறம் பச்சரிசி மேல் ஒரு ஆசை. அரிசி டப்பாவைத் திறந்தால் கை தானாகப் போகும். "பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும், உனக்குத்தான் கல்யாணமே ஆகிவிட்டதே" என்று மாமியார் சிரிப்பார். இரும்புச்சத்து குறைந்தால் அரிசி, மண், சாக்பீஸ் என்று இப்படித் தின்னத் தோன்றும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

டவுனில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 12.4. "நார்மல்தானேம்மா. வீட்டில் சும்மா உட்காராமல் தினமும் கொஞ்சம் நடங்க, மனசை ஃப்ரீயா வெச்சுக்கோங்க" என்று அங்கிருந்த டாக்டர் அனுப்பிவிட்டார். காலையிலிருந்து கொழுந்து பறித்து, மூட்டையைத் தலையில் வைத்து மேடேறுகிறவளிடம் நடக்கச் சொன்னார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த 12.4 மேட்டுப்பாளையத்தில் இருப்பவருக்கு நார்மல், எனக்கு இல்லை. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைப்பதால் உடம்பு அதை ஈடுகட்டக் கூடுதலாக ஹீமோகுளோபினை உண்டாக்கும். அதனால் மலையில் இருப்பவர்களின் அளவிலிருந்து கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 1,500 முதல் 2,000 மீட்டர் வரையான உயரத்தில் கழிக்க வேண்டியது 1.1 கிராம். குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டர் வாக்கில் இருக்கின்றன, ஊட்டி 2,200ஐத் தாண்டும். கழித்துப் பார்த்தால் என்னுடையது 11.3. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழ் போனாலே ரத்தசோகை. என் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மலையில் இருக்கிற லேப்கள் ஏன் இதை அச்சடிக்கக் கூடாது?

சரி, கிட்டுக்கு வருகிறேன். பானையில் சோறு இருப்பதை வைத்துக் குதிரில் நெல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஹீமோகுளோபின் பானை, ஃபெரிட்டின் குதிர். சேமிப்பு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். அதனால்தான் ஃபெரிட்டின் கிட்டாக வாங்கச் சொல்கிறேன். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிற என் தம்பி லீவில் வந்தபோது ஒன்று கொண்டுவந்தான். ஒரு துளி ரத்தம், கூடவே வருகிற திரவம், பட்டையில் கோடு, அவ்வளவுதான். கர்ப்ப டெஸ்ட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ்: இரண்டு கோடு வந்தால் சேமிப்பு இருக்கிறது, ஒரே கோடு என்றால் குறைவு. உங்கள் கிட்டில் எப்படி என்று தாளைப் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே கோடு.

நம் ஊர்க் குளிரில் விரலிலிருந்து ரத்தம் லேசில் வராது. வெந்நீரில் கையை வைத்திருந்து, நன்றாகத் துடைத்து, கையைத் தொங்கவிட்டு, மோதிர விரலின் ஓரத்தில் குத்துங்கள். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். விரலைப் பிழிந்து எடுக்காதீர்கள், திசுநீர் கலந்து முடிவு கெட்டுவிடும். காய்ச்சல், சளி, மூட்டுவீக்கம் இருக்கும்போது பார்க்கவே வேண்டாம். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், குறைவாக இருப்பவருக்கும் இரண்டு கோடு வந்துவிடும்.

கோடு வந்ததும் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். நான் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் நரம்பில் ரத்தம் எடுத்து ஃபெரிட்டினும், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி.யும் பார்க்கச் சொன்னார். ஃபெரிட்டின் 7. பெரியவர்களுக்கு 15க்குக் கீழ் என்றாலே குறைவு, 30க்குக் கீழேயே மருந்து தொடங்கும் டாக்டர்களும் உண்டு. மாதவிலக்கு எத்தனை நாள், எத்தனை நாப்கின் என்று என்னிடம் முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். ஸ்கேனில் கர்ப்பப்பைக் கட்டி தெரிந்தது. வெறும் மாத்திரையோடு நின்றிருந்தால் அது தெரிந்தே இருக்காது.

சாப்பாட்டோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள் என்றும் சொன்னார். டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்து கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. தேயிலையை நம்பிப் பிழைக்கிற வீட்டில் இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு கிலோ பச்சைத் தேயிலைக்குப் பல மாதம் எங்களுக்குக் கிடைக்கிற விலையில் டவுன் கடையில் இரண்டு டீ குடிக்க முடியாது. உரம், பறிகூலி, வண்டி எல்லாம் ஏறிவிட்டது, கொழுந்து விலை மட்டும் ஏறுவதில்லை. இப்படி இருக்கும்போது ஈரலும் பேரீச்சம்பழமும் சாப்பிடுங்கள் என்று சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களா?

உங்கள் வீட்டு ஆண்களுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ கிட்டில் குறைவு என்று வந்தால் தள்ளிப்போடாதீர்கள். மூலம், வயிற்றுப்புண், குடல் என்று எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா, சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய்கள் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். கூடலூர், பந்தலூர் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் அவர்களுக்கு இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.