சூரியன் பளிச், முகம் கறுப்பு

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் கொழுக்குமலைக்குப் போய் வந்தோம். சூரிய உதயத்துக்கு முன்னால் நின்று செல்போனில் எடுத்த படங்களில் எங்கள் முகங்கள் கறுப்பாக விழுந்துவிட்டன. என்ன செய்திருக்க வேண்டும்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பளிச்சென்ற வானத்துக்கு ஏற்ப கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது, அதனால்தான் முகம் இருட்டாகிறது. திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியக் குறி வரும். அதை மேலே இழுத்தால் முகம் தெளியும். வானம் கொஞ்சம் வெளுக்கும், பரவாயில்லை.

ஆனால் நானாக இருந்தால் திரும்பி நின்றிருப்பேன். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி ஏறிப் போன அன்று, எல்லோரும் கிழக்கே பார்த்துப் போனைத் தூக்கியிருந்தார்கள். நான் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று என் கூட்டாளிகளை எடுத்தேன். மஃப்ளர் நூலில் ஒட்டிய பனித்துளி, குளிரில் சிவந்த மூக்கு, ஒருவன் கையில் ஆவி பறக்கும் டீ டம்ளர், எல்லாவற்றின் மேலும் அந்த மஞ்சள் வெளிச்சம். கொஞ்ச நேரம்தான், அப்புறம் வெயில் வெளுத்துவிடும். இன்றைக்கும் அவர்கள் என்னிடம் கேட்டு வாங்குவது அந்தப் படத்தைத்தான்.

பனிமூட்டத்துக்குள்ளும் வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பனி சாம்பலாக விழும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனை உள்பையில் வையுங்கள். பாறை விளிம்பில் மட்டும் பின்னால் நகர்ந்துகொண்டே படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து.

சரி, ஊர் டீக்கடையில் எடுக்கும்போது? நண்பர்களை வாசல் பக்கம் பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.