ஜாஸ் படிக்கிறது, என்விடிஏ படிக்கவில்லை: யார் மேல் தப்பு?

ஜாஸ், என்விடிஏ இரண்டும் திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்கள். எங்கள் இணையப் படிவத்தில் 'பின்கோடு' கட்டத்தை ஜாஸ் சரியாகச் சொல்கிறது. என்விடிஏ வெறும் 'எடிட்' என்கிறது. என்விடிஏவில் பிழையா?

இல்லை, உங்கள் படிவத்தில்தான். கட்டத்தோடு லேபிள் இணைக்கப்படவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து ஜாஸ் ஊகித்துச் சொல்லும். என்விடிஏ பெரும்பாலும் பிரவுசர் கொடுப்பதை மட்டுமே சொல்லும். ஊகம் தப்பினால் பின்கோடு கட்டமே 'மாவட்டம்' ஆகிவிடும். லேபிள் டேகின் 'ஃபார்' அட்ரிபியூட்டில் அந்தக் கட்டத்தின் ஐடியைக் கொடுங்கள். அப்புறம் லேபிளைக் கிளிக் செய்து பாருங்கள். கர்சர் கட்டத்துக்குள் போனால் இணைப்பு சரி.

'ஓடிபி தவறு' என்று திரையில் வருகிறது. மாற்றத்தை ரீடருக்குச் சொல்லும் ஏரியா-லைவ் (ஏரியா என்பது ரீடர்களுக்காக ஹெச்டிஎம்எல்லில் சேர்க்கும் குறிப்புகள்) போட்டும் எந்த ரீடரும் வாசிப்பதில்லை. பக்கத்தைத் தானாகச் சோதிக்கும் லைட்ஹவுஸ் கருவியில் 100 மதிப்பெண் வாங்கிய பக்கம் இது!

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். லைட்ஹவுஸ் பார்ப்பது கோடில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. ரீடர் என்ன பேசியது என்று அதற்குத் தெரியாது. பிரவுசர் உங்கள் பக்கத்திலிருந்து ஓர் அணுகல் மரம் (எது கட்டம், எது பட்டன், அதன் பெயர் என்ன என்ற விவரம்) கட்டி, இயங்குதளத்தின் ஏபிஐ வழியாக ரீடரிடம் தருகிறது. லைவ் பகுதியில் ரீடர் கவனிப்பது மாற்றத்தை. உங்கள் ஃபிரேம்வொர்க் பிழை வந்த பிறகுதான் அந்த டிவ்வையே எழுத்தோடு சேர்த்து உள்ளே போடுகிறது. புதிதாக ஒரு பெட்டி வந்ததே தவிர, ஏற்கெனவே இருந்த எதுவும் மாறவில்லை. ரீடரும் பிரவுசரும் சேர்ந்த சில ஜோடிகள் அதையும் வாசிக்கும், சில விட்டுவிடும்.

பக்கம் திறக்கும்போதே காலி டிவ்வை வைத்துவிட்டு, பிழை வந்ததும் எழுத்தை மட்டும் நிரப்புங்கள். பயனர் இரண்டாவது முறையும் தவறாக அடித்தால் அதே வாசகம்தான், மாற்றமே இல்லை, ரீடரும் பேசாது. அதனால் முதலில் காலி செய்து, சற்றுப் பொறுத்து மறுபடி நிரப்புங்கள். கட்டத்திலேயே, அதில் பிழை என்று சொல்லும் ஏரியா-இன்வேலிட், பிழை வாசகத்தோடு இணைக்கும் ஏரியா-டிஸ்கிரைப்ட்பை இரண்டையும் வையுங்கள். பிழை வாசகத்துக்கென்றே உள்ள ஏரியா-எரர்மெசேஜ் 2017இல் வந்த ஏரியா 1.1இலிருந்தே இருக்கிறது, ஆனால் ஆதரவு ஒரே சீராக இல்லை, நான் அதை நம்புவதில்லை. எல்லாவற்றுக்கும் ஏரியா-லைவில் உடனே பேசச் சொல்லும் 'அசெர்ட்டிவ்' போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். பாதி வாக்கியத்தில் குறுக்கே பேசுவதை யாருமே ரசிப்பதில்லை.

சஃபாரியில் ஆப்பிளின் ரீடரான வாய்ஸ்ஓவர் எங்கள் பட்டியலைப் பட்டியல் என்றே சொல்வதில்லையே?

சிஎஸ்எஸ்ஸில் புள்ளியை எடுத்திருப்பீர்கள். புள்ளி இல்லையென்றால் அது பட்டியலாக இருக்காது என்று சஃபாரியின் இன்ஜினான வெப்கிட் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. 'ரோல்' அட்ரிபியூட்டில் 'லிஸ்ட்' என்று கொடுத்தால் திரும்பிவிடும். எத்தனை உருப்படி என்பது கேட்பவருக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் செய்தால் போதும்.

ஐபோனில் குரோமிலும் தனியாகச் சோதிக்க வேண்டுமா?

நம் ஊரில் ஐபோன் குரோமுக்குள் ஓடுவதும் வெப்கிட்தான். சஃபாரியில் பாருங்கள், போதும்.

தமிழ்ப் பக்கங்கள் சில நேரம் புரியாத ஆங்கில எழுத்துகளாகக் காதில் விழுகின்றன. ஏரியாவால் சரிசெய்ய முடியுமா?

முடியாது. அது பழைய எழுத்துருவின் வேலை. பாமினி என்ற அந்த வகை எழுத்துருவில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ரீடர் அதைத்தான் படிக்கும். யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. யூனிகோடில் இருந்தும் சிக்கல் என்றால் பக்கத்தின் மொழியைச் சொல்லும் 'லேங்' அட்ரிபியூட்டைப் பாருங்கள். டெம்ப்ளேட்டோடு வந்த ஆங்கிலக் குறியீடு அப்படியே கிடந்தால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகலாம். என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரல் உண்டு. கேட்க இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும்.

எந்தெந்த ஜோடியில் சோதித்தால் தரநிலைப்படி சரி?

இணைய அணுகலுக்கான தரநிலையான டபிள்யூசிஏஜி எந்த ஜோடியின் பெயரையும் சொல்வதில்லை. அணுகல் கருவிகள் ஆதரிக்கும் வழிகளையே நம்பியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எத்தனை கருவி என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. என் வரிசை: விண்டோஸில் என்விடிஏவும் ஜாஸும் குரோமோடு, ஐபோனில் வாய்ஸ்ஓவரும் சஃபாரியும், ஆண்ட்ராய்டில் அதன் ரீடரான டாக்பேக்கும் குரோமும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என்விடிஏ, இலவசம், ஊகிக்காது. திரையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள், இல்லையென்றால் கண் உதவிக்கு வந்துவிடும்.